அம்மாவின் கம்ப்யூட்டரில் புதுசு ஏற்றிய பௌர்ணமி

பெரியவள் போன வாரம் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். தன் லேப்டாப்பில் லினக்ஸ் போடப் போகிறாளாம். அதில் ஒரு சந்தேகம்.

"அப்பா, ரெண்டு இருக்குது. ஒண்ணு இப்பதான் வந்த புதுசு. இன்னொண்ணு கொஞ்சம் பழசு, ஆனா அஞ்சு வருஷத்துக்குப் பாத்துக்குவாங்களாம். எதைப் போடட்டும்?"

"அம்மாவைக் கேளு," என்றேன்.

"இன்னாப்பா நீ, கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கறது நீ, அம்மாவைக் கேக்கச் சொல்றே?" என்று சிரித்தாள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நம் வீட்டில் முடிவு சொல்லத் தகுந்த ஆள் அம்மாதான். அது ஏன் என்று போனில் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன். பெரியவளுக்குச் சொல்வது சின்னவனுக்கும் நாளைக்கு உதவும் என்பதால் இரண்டு பேருக்குமாகவே எழுதுகிறேன். நான் சொல்லப்போவது நடந்த சமயத்தில் நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். அம்மா கடைக்கு வருவதை நிறுத்திவிடப் பார்த்தாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் நம் கடை எப்படி என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். வாசல் பக்கம் என்னுடையது. சுவர் ஓரமாக, மின்விசிறிக்கு நேர் கீழே இருப்பது அம்மாவுடையது. மற்ற நாட்களில் கூட்டம் வரும், போகும். திங்கட்கிழமை மட்டும் அப்படி இல்லை. அன்று கலெக்டர் ஆபீசில் மக்கள் குறை கேட்கும் கூட்டம். ஊர் ஊராகப் பஸ் பிடித்து மனு கொடுக்க வருவார்கள். கையால் எழுதிய மனுவையும் வாங்கிக்கொள்வார்கள்தான். ஆனாலும் டைப் அடித்துக் கொண்டுபோனால் படிப்பார்கள் என்று சனங்களுக்கு ஒரு நம்பிக்கை. கடை திறக்கும் முன்பே படியில் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தைச் சமாளிப்பது அம்மா. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். மிஷினைக் கழற்றி மாட்டுவேன், ஒயர் பார்ப்பேன். தமிழ் டைப் அடிப்பதில் நான் ஒற்றை விரல் ஆள். அம்மா கல்யாணத்துக்கு முன்னாலேயே தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்தவள். அதற்குப் பிறகு பல வருடம் அவள் விரலுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. நாம் கடை போட்ட பிறகுதான் கம்ப்யூட்டரில் அந்தப் பழைய டைப்ரைட்டர் அமைப்பை வைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தது. முதல் நாள் உட்கார்ந்தபோது கொஞ்சம் தடுமாறினாள். இரண்டாவது வாரம் கீபோர்டைப் பார்க்காமல் அடித்தாள். வந்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவர் சொல்லச் சொல்ல அடித்துவிடுவாள். "டைப் மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டுதான் கடைக்குள் வருவார்கள். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டது கிடையாது. "அண்ணே, மேடம் எப்ப வருவாங்க?" என்பார்கள்.

இப்போது லினக்ஸ் எப்படி வந்தது என்று சொல்கிறேன். நம் கம்ப்யூட்டர் இரண்டும் பழசு. அதில் இருந்த விலைக்கு வாங்குகிற சிஸ்டத்துக்குக் காலம் முடிந்துவிட்டது. அதன் அடுத்ததைப் போடலாம் என்றால், உன் மிஷின் போதாது என்று திரையிலேயே எழுதிக் காட்டிவிட்டது. மிஷின் நல்லாத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மிஷினை எடைக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. அப்போது பெங்களூரில் வேலை பார்க்கிற உங்கள் மாமன் லீவில் வந்திருந்தான். "அதுக்கு எதுக்கு மாமா தூக்கிப் போடறே? லினக்ஸ் போட்டுத் தரேன்" என்றான்.

லினக்ஸும் அதே மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஒரு சிஸ்டம்தான், ஆனால் அது யாருக்கும் சொந்தமானது இல்லை என்று அவன் சொன்னான். அதை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூடியைத் திறக்க விடாத மிஷின் எனக்கு எப்போதுமே ஆகாது.

அவன் இரண்டு பென் டிரைவ் கொண்டுவந்தான். ஒன்றில் அப்போது வெளிவந்திருந்த புதிய பதிப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படிப் புதிது வரும். என்னென்ன புதுமை உண்டோ எல்லாம் இதில்தான் முதலில் வரும். ஆனால் ஒரு வருடம்கூடப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள், அதற்குள் அடுத்ததற்கு மாறிவிட வேண்டும். இன்னொன்றில் இருந்தது நீண்ட காலத்துக்கானது. ஐந்து வருடத்துக்கு ஓட்டை உடைசலை மட்டும் அடைத்துத் தருவார்கள், வேறு எதையும் மாற்ற மாட்டார்கள். எந்தப் பட்டன் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். உங்கள் மாமன் அதிலேயே தமிழ் டைப்ரைட்டர் அமைப்பையும் சேர்த்து வைத்திருந்தான்.

"அக்காவுக்கு இதைப் போடு. நீ வேணா புதுசு போட்டு நோண்டிக்கோ" என்றான்.

நான் கேட்கவில்லை. புதியது இருக்கும்போது எதற்குப் பழையது என்று இரண்டு கம்ப்யூட்டரிலும் புதியதையே போடச் சொன்னேன். உங்கள் மாமனும் போட்டுக் கொடுத்தான். ஊருக்குப் போகும்போது இரண்டாவது பென் டிரைவை அம்மா கையில் கொடுத்து, "இருக்கட்டும் அக்கா, தூக்கிப் போட்டுடாதே" என்றான். அம்மா அதில் மஞ்சள் நூல் கட்டித் தன் சாவிக்கொத்தில் மாட்டிக்கொண்டாள். அதை நான் சாவிக்கொத்தின் அழகுக்கு மாட்டியதாகத்தான் நினைத்தேன்.

எனக்கு அந்தப் புதிய பதிப்பு பிடித்திருந்தது. திரை பளிச்சென்று இருந்தது. ஆறு மாதம் கழித்து அடுத்தது வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டிலும் ஏற்றினேன். மறுநாள் அம்மா உட்கார்ந்து அடித்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தாக விழுந்தது. தமிழ் மாற்றுகிற இடம் வேறு பக்கம் போயிருந்தது. தேடிக் கண்டுபிடிக்கவே பாதிக் காலை போய்விட்டது. படியில் இருந்தவர்கள் எழுந்து எதிர்க்கடைக்குப் போனார்கள். அதற்கடுத்த பதிப்பில் தமிழ் இருந்தது, பிரிண்டர் போய்விட்டது. அதையும் சரி செய்தேன். சரி செய்வது எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. காத்துக்கொண்டிருப்பவர்களுக்கு முகம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது அம்மாதான்.

வாடகை வீடு மாறுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் தண்ணீர் நல்லா வரும், சுவர் பளபளவென்று இருக்கும். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு லைட் சுவிட்ச் எங்கே என்று இருட்டில் தடவ வேண்டும். பழகி முடித்ததும் மறுபடி வீடு மாற்றினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது அம்மாவுக்கு.

அந்தச் சமயத்தில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுசில் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். அம்மா சமையலைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் சாப்பிடும்போது அம்மா பேச்சை எடுத்தாள்.

"என்னாங்க, அந்த கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போவலாம்னு பாக்கறேன்."

"ஏம்மா, கடை?"

"கடைல நான் இன்னாத்துக்கு? ஆறு மாசத்துக்கு ஒரு வாட்டி எனக்கு ஒண்ணுமே தெரியாதவ மாதிரி ஆயிடுது. எல்லாரும் மேடம் மேடம்னு நிக்கறாங்க. நான் 'அ' எங்க போச்சுன்னு தேடினு இருக்கறேன். அங்கன்னா அடுப்பு வெச்ச எடத்துலயே இருக்கும்."

"இனிமே ஒண்ணும் மாத்தமாட்டேன். போதுமா?"

"இன்னொரு வாட்டி மாறுச்சின்னா நான் கடைப் படி ஏறமாட்டேன். சொல்லிட்டேன்."

அம்மா சும்மா சொல்கிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஆனால் அவள் அந்த நாற்காலியை விட்டுப் போக ஆசைப்பட்டாள் என்று நினைக்காதீர்கள். அதில் உட்காரும்போதுதான் அவள் படித்த படிப்பு அவளுக்கு உபயோகமாக இருந்தது. எனக்கு அது அப்போதே தெரியும்.

தொடாமல்தான் இருந்தேன். ஆனால் புதியது போட்டவன் சும்மா இருக்க முடியாது, அங்கேதான் சிக்கல். நாங்கள் வைத்திருந்த பதிப்புக்குக் காலம் முடிந்துவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று திரையில் செய்தி வந்தது. நம் கடையில் சனங்கள் ஆதார் நம்பர், பேங்க் நம்பர் எல்லாம் கொடுக்கிறார்கள். ஓட்டையை அடைக்காத மிஷினில் அதையெல்லாம் அடிக்கக் கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அம்மா சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினாள். "எந்தம்பி குடுத்தது இருக்குதே, இதைப் போடுங்க."

"அதைப் போடணும்னா உள்ள இருக்கறதை எல்லாம் அழிச்சிட்டுதான் போடணும். உன் மனு மாதிரியெல்லாம் இருக்குது பாரு. இப்ப இருக்கறதுலயே மேல ஏத்தினா எதுவும் அழியாது. கீபோர்டு, பிரிண்டர் எல்லாம் நானே பாத்து வெச்சிட்டுதான் உன்னைக் கூப்பிடுவேன். உனக்கு மாறினதே தெரியாது."

அழியும் என்று நான் சொன்னதில் தப்பில்லை, முதலில் நகல் எடுத்துக்கொண்டால் போதும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை. அம்மா பல வருடமாகச் சேர்த்து வைத்த மனு மாதிரிகள் அதில் இருந்தன. பாதைத் தகராறுக்கு ஒன்று, பட்டா மாற்றத்துக்கு ஒன்று, குடிநீர்க் குழாய்க்கு ஒன்று. அம்மா அரை மனசாகச் சரி என்றாள்.

நாள் பார்த்தோம். அந்த மாதப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு கடை லீவு. பௌர்ணமி என்றால் பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலத்துக்கு வருகிற கூட்டம் நடந்தே வரும், கலெக்டர் ஆபீஸ் பக்கம் தெரிந்த முகம் ஒன்றும் வராது. யாரும் வந்து கதவைத் தட்டாத நாள். நல்ல நாளும்கூட என்று அம்மாவும் சொன்னாள். இரண்டு பேருக்கும் அந்த நாள் சரியாகப் பட்டது.

மத்தியானம் போய் அம்மா கம்ப்யூட்டரைத் திறந்தேன். அப்போது கடைக்கு நெட் என் போனிலிருந்துதான் எடுப்போம். புதிய பதிப்பை இறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட்டது. பிறகு பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அந்தந்த இடத்தில் வைக்கிற வேலை. அதற்கு நெட் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் பிரவுசரை மட்டும் அது தனியாக, மறுபடி நெட்டுக்குப் போய்க் கொண்டுவரும். எனக்கு அது தெரியாது. அது போன நேரம் சாயங்காலம்.

பௌர்ணமி சாயங்காலம் நம் ஊரில் போன் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தனை லட்சம் பேர் கையிலும் போன். டவர் தாங்காது. அதனால்தான் கிரிவலம் கிளம்புகிறவர்கள், "கூட்டத்துல விட்டுட்டா அக்னி லிங்கத்துகிட்ட நில்லு, போன் பண்ணினு இருக்காதே" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். நானே எத்தனை முறை சொந்தக்காரர்களுக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆனால் போன் போகாது என்றால் பேச முடியாது என்றுதான் என் மனதில் இருந்தது. கம்ப்யூட்டரும் அதே போனைப் பிடித்துக்கொண்டுதான் நெட்டுக்குப் போகிறது என்று அன்றைக்குத் தோன்றவே இல்லை.

பாதியில் நின்றது நின்றதுதான். ஒரு கோடு நகரவில்லை. போனை ஜன்னலில் வைத்தேன், வாசலில் வைத்தேன், ஜெராக்ஸ் மிஷின் மேலே ஏறிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருட்டுகிற வரைக்கும் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்தி அணைத்தேன். மறுபடி போட்டேன். கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நாலு வரி வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

வண்டி விடமாட்டார்கள் என்று நடந்துதான் போயிருந்தேன். அடி அண்ணாமலையில் நம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். நம் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. வேங்கிக்காலிலிருந்து அந்தப் பாதை வழியாக வீட்டுக்கு வருவதென்றால், மலையைச் சுற்றுகிற கூட்டம் வரும் திசைக்கு எதிரே நடக்க வேண்டும். நான் ஓரமாக, கடைகளை ஒட்டி ஒட்டி நடந்தேன்.

"ஏங்க, இப்டி சுத்தக் கூடாதுங்க. எதிர்ப் பக்கமா போறீங்க பாருங்க," என்று ஒரு அம்மா நிறுத்திச் சொன்னார்கள்.

"நான் சுத்தலைங்க. வீட்டுக்குப் போறேன்."

"வீட்டுக்குப் போறவரு திரும்பி இந்தப் பக்கமா போனா புண்ணியமாவது சேரும்," என்றார் கூட இருந்தவர். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அன்றைக்கு இன்னும் நாலைந்து பேராவது என்னைத் திருப்பிவிடப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் கிரிவலம் போகிறவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சிதா?"

"பாதில நெட்டு போயிடுச்சி."

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். ரோட்டைப் பார்த்தாள். கண்ணுக்கு எட்டின வரைக்கும் தலை தலையாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"பௌர்ணமில நெட்டு இருக்குமாங்க? நம்ம ரெண்டு பேருக்குமே தோணலையே," என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. சொம்பை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "நாளைக்குத் திங்கக்கிழம," என்றாள்.

காலையில் கிளம்பும்போது சொன்னாள். "நான் கடைக்கு வரேன். வழக்கமா வரவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு, அப்டியே செங்கம் ரோட்டுக்குப் போயிட்டு வந்துடறேன். நாளைலருந்து வரேன்னு அவங்ககிட்ட சொல்லணும்."

மாற்ற மாட்டேன் என்று நான் சொன்னது, மாறினால் வரமாட்டேன் என்று அவள் சொன்னது, இரண்டும் பேசி முடித்த பேச்சு.

கடைப் படியில் ஆட்கள் இருந்தார்கள். கலசப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி முதல் ஆளாக. அவர்கள் நிலத்துக்குப் போகிற வழியில் யாரோ வேலி போட்டுவிட்டார்களாம். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பழைய டைப்ரைட்டர் அமைப்பு அதில் சரியாக வருவதில்லை என்று எப்போதோ விட்டுவிட்டேன். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறுவதைத்தான் வைத்திருந்தேன். நான் ஒற்றை விரலால் ஒரு மனு அடித்து முடிப்பதற்குள் கலெக்டர் ஆபீசில் கூட்டமே முடிந்துவிடும்.

"மேடம், மனு குடுத்துட்டு வண்டிக்குப் போவணும், கொஞ்சம் சீக்கிரம்," என்றார் அந்த ஆள்.

"இன்னைக்கு என் மிஷின் ஓடலைங்க," என்றாள் அம்மா. அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

"அய்யய்யோ. உங்களை நம்பித்தான மேடம் பஸ் ஏறனோம்," என்றாள் அந்தப் பெண். "போன வாட்டி எங்க ஊரு குழாய்க்கு நீங்க அடிச்ச மனுலதான் தண்ணி வந்துச்சி."

அதற்குள் நான் உங்கள் மாமனுக்குப் போன் அடித்தேன். கூட்டம் கலைந்ததும் டவர் வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"பௌர்ணமி அன்னைக்கா மாமா? அதுவும் போன் நெட்டுல? நல்லா இருக்குது போ."

"சிரிச்சது போதும் மச்சான். கடைல ஆளுங்க நிக்கறாங்க. இன்னா பண்றது?"

"அக்காகிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்தேனே, இருக்குதா?"

"சாவில தொங்குது."

"அதை மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணு. உள்ள ஏத்த வேணாம். 'சும்மா போட்டுப் பார்க்கிறேன்'னு ஒண்ணு வரும், அதை அழுத்து. பென் டிரைவுலருந்தே ஓடும். உள்ள இருக்கறதைத் தொடாது. ஆனா ஒண்ணு, அணைச்சா அதுல அடிச்சது எதுவும் தங்காது. அடிக்க அடிக்க பிரிண்ட் எடுத்துக்கணும்."

போனை ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அம்மாவுக்கும் கேட்டது. சாவிக்கொத்திலிருந்து பென் டிரைவைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நீட்டினவள் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, "நகருங்க," என்றாள். தானே குனிந்து மாட்டினாள்.

திரை கொஞ்ச நேரம் யோசித்தது. பழைய மிஷின், அதிலும் பென் டிரைவிலிருந்து. பிறகு வந்தது. பளபளப்பு எதுவும் இல்லை, சாதாரணமாக இருந்தது. ஓரத்தில் தமிழுக்கு மாற்றுகிற இடம் உங்கள் மாமன் வைத்த இடத்திலேயே இருந்தது. பிரிண்டரைத் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. அம்மா பையை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தாள். கீபோர்டில் விரலை வைத்துவிட்டு ஒரு கணம் அடிக்காமல் இருந்தாள். நான், அந்தப் புருஷன் பெண்டாட்டி, பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரையைத்தான் பார்த்தோம்.

அடித்தாள். அனுப்புநர் என்று விழுந்தது. கீழே, பெறுநர்.

"சொல்லுங்க, சர்வே நம்பர் இன்னா?" என்றாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்று காலை முழுவதும் எனக்கு வேறு வேலை இல்லை. அந்த பென் டிரைவை யாரும் இடித்துவிடக் கூடாது என்று பக்கத்தில் நின்றேன். கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்பதால் மின்விசிறி நிற்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா அடித்ததும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். மாதிரிகள் எதுவும் கையில் இல்லை, எல்லா மனுவையும் முதலிலிருந்து அடித்தாள். அது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நடுவில் ஒரு பெரியவர், "ஏன்மா, அண்ணன் இன்னாத்துக்கு மிஷினுக்குக் காவல் நிக்கறாரு?" என்று கேட்டார். "அவருக்கு அதுதான் தண்டனை," என்றாள் அம்மா, அடிப்பதை நிறுத்தாமல். கடையே சிரித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அம்மா கேலி செய்தால் கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் பென் டிரைவ் வழியாகவே உள்ளே பார்த்தோம். உடைந்த சிஸ்டத்துக்கு அடியில் அம்மாவின் மனு மாதிரிகள் அப்படியே இருந்தன. அவற்றை என் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு அழித்துவிட்டு ஏற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, "இப்ப அழுத்தலாம்," என்றேன். அழுத்தினது அம்மா. செங்கம் ரோட்டுக்கு அன்றைக்கு அவள் போகவில்லை. அடுத்த நாள் கெஸ்ட் ஹவுஸ்காரர் போன் செய்தபோது, "என் வேலை இங்கயே இருக்குதுங்க, வேற யாரையாவது பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு ஒப்பந்தம். என் கம்ப்யூட்டரில் நான் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். புதியது வந்தால் போடுகிறேன், கெட்டால் நோண்டுகிறேன். எனக்கு அதில் நிறையத் தெரிந்தது. அம்மாவின் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும். புதியதில் வருகிற நல்லது கம்மிதான் என்று நான் சொல்லமாட்டேன். இப்போது புதுப் பிரிண்டர் எல்லாம் என்னுடையதில்தான் சட்டென்று வேலை செய்கிறது. அம்மாவுடையதில் சிலது வருவதே இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதும் இல்லை.

அந்த ஐந்து வருடமும் இப்போது முடியப் போகிறது. நீண்ட காலத்துக்கானது என்றாலும் அதற்கும் ஒரு முடிவு உண்டு, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவே தன் தம்பிக்குப் போன் செய்து, அடுத்த நீண்ட காலத்துப் பதிப்பு எது என்று கேட்டுக்கொண்டாள். அதைப் பென் டிரைவில் போட்டு, சாயங்காலங்களில் கூட்டமில்லாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துப் பழகுகிறாள். கடைச் சுவரில் இருக்கிற காலண்டரில் மாற்றுகிற தேதியையும் குறித்துவிட்டாள். ஞாயிறு இல்லை, திங்கள் இல்லை, பௌர்ணமிக்கு முன்பும் பின்பும் ரெண்டு நாள் இல்லை.

இனி பெரியவளின் கேள்வி. அவள் அன்றைக்கு என் பேச்சைக் கேட்டு அம்மாவுக்கே போன் செய்தாள். அம்மா அவளிடம் புதுசா பழசா என்று எதுவும் சொல்லவில்லை.

"உன் கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ஓடலைன்னா வேலை ஆவாம யாரு நிப்பாங்க?" என்று கேட்டாள்.

"யாரு நிப்பாங்க? நான் மட்டும்தான். பரீட்சை சமயத்துல ப்ராஜெக்ட் குடுக்கறப்ப மட்டும் கொஞ்சம் கஷ்டம்."

"அப்ப இப்ப புதுசு போட்டுக் கத்துக்கோ. ப்ராஜெக்ட் வரப்ப எங்கிட்ட சொல்லு."

புதியதையே போட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். வைஃபை வரவில்லை என்று சின்னவனிடம் புலம்பினாளாம். அது சரியாகிவிடும், நோண்டட்டும். நேற்று அம்மா ஊறுகாய் பாட்டிலோடு ஒரு சின்னப் பொட்டலத்தையும் வைத்துப் பார்சல் அனுப்பியிருக்கிறாள். பொட்டலத்தில் ஒரு பென் டிரைவ் இருக்கும். மஞ்சள் நூல் கட்டியிருக்கும். பெரியவளே, அதைச் சாவியில் மாட்டிக்கொள்.